பதினாறு பிட்

அத்தியாயம் 6

முந்தைய ஐந்து அத்தியாயங்களில் நடந்தது எதுவும் இந்த அத்தியாயத்துக்குத் தேவையில்லை. அவற்றைப் படித்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். படிக்காதவர்கள் பெருமைப்படவும் வேண்டாம். தெரிந்திருக்க வேண்டியது இரண்டே பேரைத்தான்.

சாரதாமணி, இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவர். துணியில் ஓட்டையும் கறையும் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்துப்போய், மனிதர்களிடமும் அவை நிறைய இருப்பது தெரிந்ததும் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். இன்னொருவர் அவருடைய உதவியாளர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேன் ஓட்ட வந்து, வாயால் ஏழு வேலைகளை இழந்து, எட்டாவதாக இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். ஆளுக்கு வயது நாற்பது. வாய்க்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை.

வியாழக்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு இருவரும் அருள்புரத்தில் ஆறெழுத்து நிட்வேர் கம்பெனி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். முதலாளி சிவசுப்பிரமணியம் கேட்டிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. இடது கை இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. ஒரு கோடி சாம்பிளைத் திருடிப்போட்டாங்க!"

இசக்கிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஒரு கோடியா? மொதலாளி, கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து நீங்க தச்சதே அவ்வளவு இருக்காதே?"

"ஒரு வினாடிக்குங்க."

இசக்கிமுத்து ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அக்கா, இது நம்ம கேஸ் இல்ல. டாக்டர் கேஸ்."

"சும்மா இருப்பா," என்றார் சாரதாமணி. "ஏனுங்க, ஒரு வினாடிக்கு ஒரு கோடி காணாமப் போச்சுன்னு யாருங்க எண்ணுனது?"

"திருடுனவளே எழுதிக் குடுத்துருக்கறா. பாருங்க!"

முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். அன்று காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்திருந்த மெயிலின் பிரிண்ட். 'மெஷின் 7-ல் இன்று முதல் சாம்பிள் எடுக்கிறேன். வினாடிக்கு ஒரு கோடி. எடுத்தது எல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக உள்ளது. இப்படிக்கு, மெஹ்ஜபின்.'

"அந்த டப்பா உள்ளங்கை அகலந்தானுங்க இருக்குது," என்று முதலாளி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "அதுக்குள்ள எப்படித்தான் அடைச்சாளோ!"

திருப்பூரில் 'சாம்பிள்' என்றால் ஒரே அர்த்தம்தான். ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரனுக்கு, அதாவது பையருக்கு, மாதிரிக்குத் தைத்துக் காட்டுகிற உருப்படி. அதற்குத் தனி ரூம், தனி டெய்லர், தனிப் பூட்டு உண்டு. அவன் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் சீல் மாட்டித் திருப்பி அனுப்பிய உருப்படிக்கு சீல் சாம்பிள் என்று பெயர். ஆர்டரில் தைக்கிற அத்தனை பீஸையும் அதை வைத்துத்தான் ஒத்துப் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் சரக்கு கேட்டைத் தாண்டாது.

அப்படிப்பட்ட ஒன்றுதான் இன்று காலை பதினொன்றே முக்கால் மணிக்குக் காணாமல் போயிருந்தது. சாம்பிள் ரூம் ஹேங்கரில் பாலித்தீன் கவர் மட்டும் வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்ததாம்.

"நாலு மணிக்கு பையரோட இன்ஸ்பெக்டர் சரக்கப் பாக்க வர்றாருங்க. அதுக்குள்ள கெடைக்கலீன்னா அந்தப் புள்ளையப் போலீஸ்ல குடுத்துருவேன். திருடுன ஆளு யாரா இருந்தாலும் நானே கையப் புடிச்சு ஸ்டேஷன்ல உடறேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணிப்போட்டேனுங்க. மைக்லயும் சொல்லிப்போட்டேன்."

"மைக்லயா? பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தானுங்க. மூணு தடவை."

சாரதாமணியின் முகம் மாறியது. செக்கிங் டேபிளில் நின்ற காலத்தில் அவர் பெயரையும் ஒரு தரம் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கத்தரிக்கோல் காணாமல் போன விஷயம். கத்தரிக்கோல் அன்று மாலையே கிடைத்துவிட்டது. கிடைத்த செய்தியை மட்டும் யாரும் மைக்கில் சொல்லவில்லை.

"அந்தப் புள்ளையப் பாக்கணுமுங்க," என்றார்.

நிட்டிங் ஷெட்டுக்குள் ஆள் உயர வட்ட மெஷின்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்க உதட்டைப் பார்க்க வேண்டும். ஏழாம் நம்பர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜை மேல் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி, ஒரு லேப்டாப். ஸ்டூலில் மெஹ்ஜபின். மெஷினைச் சோதிக்க வந்த இன்ஜினியர், இருபத்தாறு வயது, கழுத்தில் ஐடி கார்டு, கண்ணில் நீர் இல்லை, ஆனால் உதட்டைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள ஸ்டோர் கீப்பர் கிட்டுசாமியைக் காவல் வைத்திருந்தார்கள். காவல்காரர் கைதிக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, "சாப்புடு கண்ணு, வெறும் வயித்துல போலீஸ் ஸ்டேஷன் போகக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீதானா கண்ணு வினாடிக்கு ஒரு கோடி எடுத்தது?" என்று சாரதாமணி கேட்டார்.

"ஆமாங்க மேடம். ஆனா அது இவங்க சொல்ற சாம்பிள் இல்லீங்க. காலைலருந்து சொல்றேன், கேக்கவே மாட்டேங்கறாங்க."

"என்றகிட்ட சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் மெஷினைக் காட்டினாள். "இதுக்குள்ள ரெண்டாயிரத்துக்கு மேல ஊசி ஏறி எறங்குதுங்க. ஒரு ஊசி உடையறதுக்கு முன்னாடி அதோட சத்தம் மாறும். முன்னாடியே கண்டுபுடிச்சுட்டா துணியில கோடு விழாது. மெஷின் உடம்புல ஒட்டியிருக்கற இந்த சென்சாரு அந்தச் சத்தத்தைக் கரண்ட்டா மாத்தி வயர்ல அனுப்புது. அது அலையலையா விடாம வருமுங்க. கம்ப்யூட்டருக்கு அலை புரியாது, நம்பர்தான் புரியும். அதனால இந்தப் பெட்டி வினாடிக்கு ஒரு கோடி தடவை அந்த அலைய அளந்து நம்பரா மாத்துது. ஒவ்வொரு அளவுக்கும் பேரு சாம்பிள். அவ்வளவுதானுங்க."

"ஒரு ஆயிரம் தடவை அளந்தா ஆகாதா கண்ணு?"

"உடையற சத்தம் அவ்வளவு வேகமுங்க. நாம ஒருக்கா அளந்துட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள அது வந்துட்டே போயிருக்கும்."

"சரி, வேகமா அளந்தாப் போதுமா?"

அன்றைக்கு முதல்முறையாக ஒருவர் சரியான கேள்வி கேட்டதில் மெஹ்ஜபின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போதாதுங்க. நுணுக்கமாவும் அளக்கணும். மெஷின் சத்தம் இடி. ஊசிச் சத்தம் அந்த இடிக்கு நடுவுல குண்டூசி விழற மாதிரி. ரெண்டையும் ஒரே ஸ்கேல்ல புடிக்கணும். எட்டு பிட்டுன்னா ஸ்கேல்ல எரநூத்தம்பத்தாறு கோடு. பதினாறு பிட்டுன்னா அறுபத்தஞ்சாயிரம் கோடு. வேகமான பெட்டி ஈஸியாக் கெடைக்கும். நுணுக்கமான பெட்டியும் கெடைக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கறதுதான் குதிரைக்கொம்பு."

"செக்கிங்லயும் அதே கதைதான்," என்றார் சாரதாமணி. "ஒருத்தி மணிக்கு முந்நூறு பீஸ் பாப்பா, ஓட்டைய உட்டுருவா. இன்னொருத்தி ஒரு ஓட்டையும் உட மாட்டா, ஆனாப் பொழுதுக்கும் ஒரே பீஸைப் பாத்துட்டு ஒக்காந்திருப்பா. ரெண்டும் சேந்தவ ஊருக்கு ஒருத்தி."

"அது யாருக்கா?" என்றார் இசக்கிமுத்து.

"நான்தான்."

முதலாளிக்கு விஷயத்தை விளக்க இன்னும் பத்து நிமிடம் பிடித்தது. கடைசியில் அவர் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார்.

"சரிங்க. அந்த ஒரு கோடியத் தள்ளிறலாமுங்க. மீதி ஒண்ணு எங்கீங்க?"

மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி இடுப்பை இன்னொரு முறை சொறிந்தார்.

சாரதாமணி லேப்டாப் பக்கம் திரும்பினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. "கண்ணு, இந்தப் பெட்டி காலைல பத்து மணியிலருந்து இங்க நடந்த எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டுட்டே இருந்திருக்குது. அதுக்கு ஏதாச்சும் வித்தியாசமாப் பட்டுச்சா?"

"ரெண்டு இருக்குதுங்க," என்றாள் அவள். "மொதல்ல இது. சரியா பதினொண்ணு பத்துக்கு சிக்னல்ல இருந்த அழுக்கு, அதான் வேண்டாத சத்தம், பாதியாக் கொறைஞ்சிருச்சு. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா தானாச் சுத்தமாயிருக்குது."

"இருபத்திரண்டு வருசத்துல தானாச் சுத்தமான துணி ஒண்ணையும் நான் பாத்ததில்ல," என்றார் சாரதாமணி. "அதுக்கு முன்னாடி அந்த அழுக்கு எதனால வந்துச்சு?"

"மேஜை ஆடிட்டே இருந்துச்சுங்க. மேஜை ஆடுனா வயர் ஆடும். வயர் ஆடுனா சிக்னல்ல அழுக்கு சேரும்."

"இப்ப ஆடுதா?"

இசக்கிமுத்து மேஜையைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. குனிந்து கீழே பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, மேஜைக்கு யாரோ செருப்பு போட்டு விட்டிருக்காவ."

நான்கு கால்களுக்கு அடியிலும் துணி மடித்துச் செருகப்பட்டிருந்தது. வெள்ளைப் பனியன் துணி. காலுக்கு நான்கு துண்டு. இசக்கிமுத்து ஒவ்வொன்றாக உருவி மேஜை மேல் போட்டு எண்ணினார். பதினாலு, பதினஞ்சு, பதினாறு.

"பதினாறு," என்று மெஹ்ஜபின் முணுமுணுத்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள். "ஐயோ... பதினாறு பிட்."

"நான்தானுங்க வெச்சேன்!" கிட்டுசாமி பெருமையாக முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மெஹ்ஜபினின் கையெழுத்து. 'மெஷின் 7-க்கு 16 பிட். 8 பிட் வேலைக்கு ஆகாது.'

பெட்டியை எப்படிச் செட் செய்திருக்கிறாள் என்று ஆபீசுக்கு அவள் எழுதிக் கொடுத்த குறிப்பு அது. ஆனால் அந்தக் கம்பெனியில் மெஷின் நம்பரும் ஒரு எண்ணும் இருக்கிற எந்தக் காகிதமும் நேராக ஸ்டோருக்குத்தான் போகும். ஸ்டோரில் 'பிட்' என்றால் மெஷின் துடைக்கிற துண்டுத் துணி.

"எட்டு குடுத்தாத் திட்டுவாங்களாட்டம் இருக்குதுன்னு பதினாறும் எண்ணிக் கொண்டாந்தேனுங்க," என்றார் கிட்டுசாமி. "கொண்டாந்து பாத்தாப் புள்ளையக் காணோம், மேஜை கெடந்து ஆடிட்டு இருந்துச்சு. சரி, இதுக்குத்தான் கேட்டிருக்குதுன்னு காலுக்கு நாலா வெச்சுப்போட்டேன்."

முதலாளியின் பார்வை துணியில் இருந்தது. காணாமல் போன சீல் சாம்பிளும் வெள்ளை. அவருடைய முகத்திலிருந்து இரத்தம் இறங்குவது விபூதிக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது.

"கிட்டுசாமி... வெள்ளைத் துணி... என்ற சாம்பிளப் பதினாறா நறுக்கிப்போட்டியா!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. கிட்டுசாமி ஒரு அடி பின்வாங்கினார். "இல்லீங்க... சாமி... அது வந்துங்க..."

"கொஞ்சம் பொறுங்க." சாரதாமணி ஒரு துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தேய்த்தார். இன்னொன்றை எடுத்தார். "இதுல மூணு ஓட்டை. இதுல ரெண்டு. இதுல ஓட்டைதான் இருக்குது, நடுவுல கொஞ்சம் துணி. ஏனுங்க, எந்த ஊரு பையர் இதுக்குக் கையெழுத்துப் போட்டாரு?"

முதலாளி துணியை எட்டிப் பார்த்தார்.

"நாலஞ்சு வருசம் தொவைச்ச துணி. இது சாம்பிள் இல்ல. கிட்டுசாமி அண்ணா, இது எங்க கெடைச்சுது?"

"ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி கம்பியில தொங்கிட்டு இருந்துச்சுங்க அம்மிணி. காலைலதான் வேஸ்ட் துணி எல்லாத்தையும் லாரி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு. ஸ்டோர்ல ஒரு பிட்டுங்கூட இல்ல. புள்ள எழுதிக் கேட்டிருக்குது, இல்லைன்னு சொல்ல மனசு வரல. இத்தனை ஓட்டைய மனுசன் எவன் போடுவான், வேஸ்ட்டுதான்னு நெனச்சு..."

முதலாளி திடீரென்று கூரையில் சுற்றுகிற மின்விசிறியை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

பதினாறாவது துண்டின் மூலையில் சிவப்பு நூலில் ஏதோ இரண்டு எழுத்து இருந்தது. சாரதாமணி அதைப் படித்தார். துண்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"கண்ணு, ரெண்டாவது வித்தியாசம் என்ன?"

மெஹ்ஜபின் திரையில் மூன்று இடங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். பச்சைக் கோட்டில் நூல் கனத்துக்கு மூன்று சிறு மேடுகள். "பதினொண்ணு அம்பத்திரண்டு, பன்னெண்டு நாப்பது, ஒண்ணு இருவத்தஞ்சு. டிக் டிக்குனு ஒரு சத்தம். எட்டு பிட்டா இருந்தா இது கண்ணுலயே பட்டிருக்காது. ஏதோ ஊசி உடையப் போகுதுன்னு நெனச்சேன். ஆனா ஊசி அத்தனையும் நல்லா இருக்குது. மூணு தடவை அடிச்சுட்டு நின்னு போற ஊசி ஒலகத்துலயே இல்லீங்க."

"அந்த மூணு நேரத்துலயும் இங்க என்ன நடந்துச்சு?"

அவள் தயங்கினாள். முதலாளியைப் பார்த்தாள். "மூணு தடவையும்... அய்யா இங்க வந்து என்னைத் திட்டிட்டு இருந்தாருங்க."

"மொதலாளி ஏசுனது ஊசிக்கே பொறுக்கல போலிருக்கு," என்றார் இசக்கிமுத்து.

சாரதாமணி சிரிக்கவில்லை. "ஏனுங்க முதலாளி, ஒருக்கா இந்தப் புள்ளையத் திட்டுங்க."

"இப்பவா? சும்மா எப்படிங்க திட்டறது? கோவம் வரணுமில்லீங்க?"

"அதுக்கு நான் இருக்கேன்," என்று இசக்கிமுத்து முன்னால் வந்தார். "மொதலாளி, ஒங்க பனியன் ஒரு தொவைக்கே கைக்குட்டை ஆயிருதுன்னு பல்லடம் பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிடுதாவ."

"எவன்டா சொன்னது!" முதலாளி மெஷினின் இரும்புச் சட்டத்தில் இடுப்பைச் சாய்த்துக் கையை நீட்டிக் கர்ஜித்தார். திரையில் சின்ன மேடு துள்ளியது. டிக்.

"இப்ப நாலடி தள்ளி நின்னு திட்டுங்க."

தள்ளி நின்று திட்டினார். இன்னும் பலமாகவே திட்டினார். இசக்கிமுத்துவின் ஊர், ஓட்டிய வேன் எல்லாம் அதில் வந்தன. திரை அசையவில்லை.

"இப்பச் சத்தமே போடாம மெஷின்ல சாஞ்சு நில்லுங்க."

டிக்.

"இசக்கி, நீ சாயி."

ஒன்றுமில்லை. கிட்டுசாமி சாய்ந்தார். ஒன்றுமில்லை. சாரதாமணியே சாய்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. முதலாளி மறுபடி சாய்ந்தார். டிக் டிக்.

"வாய்ல இல்லக்கா. இடுப்புல இருக்கு சங்கதி," என்றார் இசக்கிமுத்து மெதுவாக.

சாரதாமணி முதலாளிக்கு நேர் எதிரே வந்து நின்றார். "ஏனுங்க, நாங்க வந்ததுலருந்து எடது இடுப்பச் சொறிஞ்சுட்டே இருக்கறீங்க. என்னங்க அங்க?"

"வேர்க்குருங்க. மத்தியானத்துலருந்து குத்துது."

"காலைல ஊட்டுல இருந்து வர்றப்ப உள்ள போட்டிருந்த பனியன் எங்கீங்க?"

முதலாளி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். சாரதாமணி கையை விரித்தார். பதினாறாவது துண்டின் மூலையில் சிவப்பு நூலில் 'சி.சு.' என்று அழகாகப் பின்னியிருந்தது. முதலாளி வீட்டில் மூன்று ஆண்கள். கொடியில் கலந்துவிடக் கூடாதென்று அவர் மனைவி போட்ட அடையாளம்.

நாற்பதாயிரம் புத்தம்புது உருப்படிகளைக் கப்பலில் ஏற்றுகிறவர் உள்ளே எதைப் போட்டிருந்தார் என்று ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கிட்டுசாமி கைகளைக் கூப்பினார். "மன்னிச்சுப்போடுங்க சாமி. சத்தியமா வேஸ்ட்டுன்னுதான் நெனச்சேன்."

"தெனமும் சாயம் போடற டையிங் பக்கம் போய்ட்டு வந்தா நனைஞ்சு போயிருமுங்க," முதலாளியின் குரல் சுருங்கிவிட்டிருந்தது. "அலசிக் கம்பியில போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு மாட்டிக்குவேன். இன்னைக்கு வந்து பாத்தாக் காணோம். வெறும் சட்டையோட இருக்க முடியலீங்க, மேலெல்லாம் ஒட்டுது."

"யாரையாச்சும் கேட்டிருக்கலாமில்லீங்க?"

"எப்படிங்க கேக்கறது? பனியன் கம்பெனி மொதலாளி, என்ற பனியனக் காணோம்னு மைக்ல சொன்னா ஊரு சிரிக்காதுங்களா? அதான்... சாம்பிள் ரூமுக்குள்ள போனேன். அங்க ட்யூப்லைட் எரியறதில்லீங்க. ஹேங்கர்ல ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சு. வெள்ளையா இருந்துச்சு. பனியனாத்தான் இருந்துச்சு..."

அது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. வெளிநாட்டுக்காரன் அதற்கு டி-ஷர்ட் என்று பெயர் வைத்து, நம்பர் கொடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். திருப்பூரில் பிறந்தவனுக்கு உடம்பில் மாட்டுகிற எல்லாம் பனியன்தான். காசு கொடுத்துப் பனியன் வாங்கிய திருப்பூர்க்காரனை யாரும் பார்த்ததும் இல்லை. கைக்கு எட்டியதை எடுத்து மாட்டிக்கொள்வதுதான் ஊர் வழக்கம்.

"பட்டனைக் கழட்டுங்க," என்றார் சாரதாமணி.

வெள்ளைச் சட்டை விலகியது. உள்ளே இன்னொரு வெள்ளை, வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்த மத்தளத் தோல் போல. அதன் இடது ஓரத்தில், இடுப்பு எலும்புக்கு நேராக, புளியங்கொட்டை அளவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சீல் ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்து முதலாளியின் இடுப்பைக் குத்தியதும், அவர் மெஷினில் சாயும்போதெல்லாம் இரும்பில் இடித்து டிக்கென்று காட்டிக் கொடுத்ததும் அதுதான்.

"திருடுனவரே திருட்டுப் பொருளப் போட்டுக்கிட்டுத் திருடனத் தேடியிருக்காவ," என்றார் இசக்கிமுத்து. "மொதலாளி, முருகன் மேல சத்தியம் பண்ணியிருக்கிய. கெளம்புங்க, ஸ்டேஷனுக்குக் கம்பெனி வேன நான் ஓட்டுதேன்."

சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. கழுத்தில் டேப் தொங்க, கையில் ஃபைலுடன் இன்ஸ்பெக்டர் தீனதயாளன் நின்றிருந்தார். மணி மூன்று ஐம்பது. சிரித்தால் சம்பளத்தில் பிடித்தம் என்று யாரோ சொல்லி வைத்தது போன்ற முகம்.

"சீல் சாம்பிள் எங்கே?"

முதலாளி மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைக் குறைக்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் கண் இடது இடுப்பில் தொங்கிய சிவப்பில் வந்து நின்றது.

"ஃபிட்டிங் எப்படி இருக்குன்னு மொதலாளியே போட்டுக் காட்டுதாவ சார்," என்றார் இசக்கிமுத்து.

இன்ஸ்பெக்டர் ஃபைலை மேஜையில் வைத்தார். முதலாளியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு அதைக் கழற்றச் சொல்லி, மேஜையில் விரித்து, கால் மணி நேரம் அப்படியே விட்டார். அந்தக் கால் மணி நேரம் முழுக்க முதலாளி வேலாயுதனின் பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. துணி மெதுவாகத் தன் பழைய அளவுக்குத் திரும்பியது. இன்ஸ்பெக்டர் நான்கு இடத்தில் டேப் வைத்து அளந்து, ஃபைலில் எழுதி, பேனாவை மூடினார்.

"சாம்பிள் ஓகே. மாடல் ரிஜக்ட்."

சொல்லிவிட்டுச் சரக்கு அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டார். ஷெட்டில் யாரோ முதலில் சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது. மெஹ்ஜபின் மட்டும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் கண்ணில் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டபடி முதலாளி அவள் முன்னால் வந்து நின்றார். "கண்ணு... தப்பு என்ற மேலதான். மனசுல வெச்சுக்காத. உன்ற பெட்டிய அம்பது மெஷினுக்கும் போட்டுக்கலாம்."

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி அப்புறமுங்க. மைக்ல என்ற பேரை மூணு தடவை சொன்னீங்க. திருடின்னு சொன்னீங்க. எங்க அம்மாவுக்கு யாராச்சும் போன் பண்ணிச் சொல்லிருப்பாங்களோன்னு நாலு மணி நேரமா வயித்துல நெருப்பக் கட்டிட்டு ஒக்காந்திருக்கறேன். அதே மைக்ல சொல்லுங்க."

"சொல்றேன் கண்ணு. சாம்பிள் கெடைச்சிருச்சுன்னு..."

"யாருகிட்டக் கெடைச்சுதுன்னும் சொல்லணுமுங்க," என்றார் சாரதாமணி. "மூணு தடவை. இல்லீன்னா சத்தியம் சத்தியந்தான். இசக்கி வேன் சாவியோட தயாரா நிக்கறான்."

முதலாளி ஸ்டேஷனையும் மைக்கையும் மனதுக்குள் எடைபோட்டுப் பார்த்தார். முருகன் எந்தப் பக்கம் என்பது தெளிவாகவே தெரிந்தது. மைக் வந்தது. மெஷின்களை நிறுத்தச் சொன்னார் சாரதாமணி. ஐம்பது மெஷினும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உட்கார இடம் இல்லாமல் முதலாளி ஏழாம் நம்பர் மெஷினிலேயே சாய்ந்துகொண்டார்.

"ஆறெழுத்து கம்பெனி ஆளுங்க எல்லாருக்கும்..." தொண்டையைச் செருமினார். "மெஹ்ஜபின் எதையும் திருடலீங்க. என்ற பனியனக் காணோம். அதனால சாம்பிளை எடுத்து மாட்டிக்கிட்டது நானுங்க."

குண்டூசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. மெஹ்ஜபின் திரையைப் பார்த்தாள். முதலாளி முழு உடம்போடு மெஷினில் சாய்ந்திருந்தார். அறுபத்தைந்தாயிரம் கோடு போட்ட ஸ்கேலில் ஒரு டிக் கூட இல்லை. அழுத கண்ணோடு அவள் சிரித்துவிட்டாள்.

முதலாளி மூன்றாவது தடவை சொல்லி முடித்தபோது கிட்டுசாமி மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். கையில் பெரிய கத்தரிக்கோல்.

"அம்பது மெஷினுக்கும் போடறதுன்னா, மெஷினுக்குப் பதினாறு பிட்டு, மொத்தம் எண்ணூறு வேணுமில்ல கண்ணு?"

சொல்லிவிட்டு அவர் யோசனையாகச் சுற்றிலும் பார்த்தார். முதலாளி மைக்கைக் கீழே போட்டுவிட்டு, போட்டிருந்த ஒரே சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.